ரெஜினா வீட்டுத் தண்ணீர்

கம்பெனி பஸ் மாதனூர் நிறுத்தத்தில் முழுதாக நிற்காது. ஊர்ந்துகொண்டே இருக்கும். டிரைவர் ஆரனை அழுத்திப் பிடித்தபடி, "ஏறும்மா, ஏறும்மா, பஞ்ச் டைம் ஆவுது" என்று கத்துவார். தோளில் பையும், ஈரம் காயாத பின்னலுமாகப் பெண்கள் ஓடி ஏறுவார்கள். அந்த ஓட்டத்துக்கு நடுவில், பஸ்ஸோடு கூடவே நடந்தபடி ஜன்னல் ஜன்னலாகப் பொட்டலம் நீட்டிக்கொண்டு போவாள் ரெஜினா.

பால் வாங்கப் போகும் நான், பையை மறந்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வாட்டிய வாழையிலையில் சூடான சோறு பட்டால் ஒரு மணம் வருமே, அது டீசல் புகையையும் மீறிக்கொண்டு வரும்.

"அக்கா, இன்னிக்கு இன்னா?"

"திங்கக்கெழமைக்கு இன்னா இருக்கும்? தக்காளி சோறுதான். சனிக்கெழமை கேளு, முட்டை பிரியாணின்னு சொல்றேன்."

"போன வாட்டி உப்பு கம்மிக்கா."

"சூப்பர்வைசர் திட்டும்போது ரெண்டு சொட்டு அழு. சரியாப் போய்டும்."

பஸ்ஸே சிரிக்கும். கடைசிப் பொட்டலம் டிரைவருக்கு. "அண்ணே, மெதுவா ஓட்டு. எங்கொழம்பு சிந்துச்சுன்னா நாளைக்கு உனக்கு வெறும் இலைதான்." அவர் பதிலுக்கு ஆரனை ஒருதரம் செல்லமாக அடித்துவிட்டுப் போவார்.

ரெஜினாவும் அந்த பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவள்தான். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் மெஷினில் பல வருஷம் உட்கார்ந்தாள். விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்ததும் வேலையை விட்டுவிட்டு, தன்னோடு வேலை செய்தவர்களுக்கே சமைத்துப் போட ஆரம்பித்தாள். கணவர் பெங்களூரில் மேஸ்திரி வேலை. மாதத்துக்கு ஒருமுறை வந்து போவார். விடியுமுன் எழுந்து உலை வைக்க நேரமில்லாத பெண்களுக்கு அவள் சோறு எவ்வளவு பெரிய உதவி என்பது, அந்த ஜன்னல்களில் நீளும் கைகளைப் பார்த்தாலே தெரியும்.

அந்தக் கைகளை ரெஜினாவிடம் வராமல் செய்தவன் நான். இந்தத் தொடரில் இந்த வாரம் எழுத வேண்டியது அதைப் பற்றித்தான்.

திரைக்குப் பின்னால் ஒரு கை

நேரே அங்கே போகத் தைரியம் வரவில்லை. கொஞ்சம் சுற்றிக்கொண்டு வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் படிப்பை முடித்துவிட்டு ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் கெமிஸ்டாகச் சேர்ந்த புதிது. பேச்சிலர் அறை. ஓட்டலில் சாப்பிட்டு வயிறு கெட்டுப்போயிருந்தது. உடன் வேலை பார்த்த நண்பர், பாய் வீடு ஒன்றுக்கு அழைத்துப் போனார். குறுகலான தெரு. வீட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு சின்ன ஜன்னல், அதில் பூப்போட்ட துணித் திரை. நண்பர் ஜன்னல் சட்டத்தில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"கோன்?" என்று, யாரென உருதுவில் கேட்டது உள்ளே ஒரு குரல்.

"நான்தான் ஆப்பா. ரெண்டு பேர்."

திரைக்கு அடியிலிருந்து கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை வந்தது. எங்கள் அடுக்குத் தூக்கை வாங்கிக்கொண்டு போனது. திரும்பி வரும்போது தூக்கு கனத்தது. மேல் தட்டில் கத்திரிக்காய், அடித்தட்டில் தால்ச்சா, நடுவில் பொடியான சீரகச் சம்பா அரிசிச் சோறு.

ஆப்பா என்றால் உருதுவில் அக்கா; அவர் முகத்தை நான் கடைசிவரை பார்த்ததில்லை. ஆனால் அவருக்கு என்னைத் தெரிந்திருந்தது. எனக்குக் காய்ச்சல் வந்த வாரம் தட்டியபோது, தட்டிய விதத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். "இன்னிக்கு பிரியாணி கிடையாது. கஞ்சி குடிச்சிட்டுப் படு, பேட்டா" என்றது குரல்.

நோன்பு மாதத்தில் அந்த ஜன்னலில் வெங்காய சமோசா. மார்கழியில் கிறிஸ்துமஸ் வந்தால், சர்ச் தெருவில் வீட்டுக்கு வீடு கலகலா, அச்சு முறுக்கு. தீபாவளிக்கு முன் எங்கள் தெருவிலேயே அதிரசம். யார் வீட்டில் எது நன்றாக வரும் என்று எல்லோருக்கும் தெரியும். போய்த் தட்டினால் கிடைக்கும். அனுமதி, பதிவு என்றெல்லாம் யாரும் கேட்டதில்லை. கெட்டுப்போனதைக் கொடுத்தால் மறுநாள் யாரும் தட்டமாட்டார்கள். அவ்வளவுதான் சட்டம்.

அந்தக் காலம் சுத்தமாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. வயிற்றுப்போக்கில் போன குழந்தைகளையும் எனக்குத் தெரியும். விதிமுறைகள் வந்தது நல்லதற்குத்தான். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். என் குற்றத்தை விதியின் தலையில் போட நான் இதை எழுதவில்லை.

ஏசுவுக்குப் பக்கத்தில் சான்றிதழ்

பணி ஓய்வுக்குப் பிறகு நானும் என் மனைவி சரோஜாவும் மாதனூரில் ஒரு வீடு கட்டிக்கொண்டு குடிபோனோம். ரெஜினா எங்களுக்கு அடுத்த தெரு. சரோஜாவும் அவளும் ஒரே வாரத்தில் சிநேகிதம் ஆகிவிட்டார்கள்.

ஒருநாள் ரெஜினா எங்கள் வீட்டுக்கு வந்தாள். வீட்டில் சமைத்து விற்பவர்களும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும் என்று ஊரில் பேச்சு. கம்ப்யூட்டர் சென்டரில் போய்ப் போட்டோ கொடுத்து, ஆதார் கொடுத்து, பதிவு செய்து சான்றிதழும் வாங்கியிருந்தாள். முகமெல்லாம் பூரிப்பு.

"எங்க மாட்டினேன் தெரியுமா சார்? ஏசுவுக்குப் பக்கத்துல. ரெண்டு பேரும் பாத்துக்கட்டும்."

"என்னென்ன செய்யணும்னு சொன்னாங்க?" என்றேன்.

"தலைக்குத் துணி கட்டணுமாம். நகம் வெட்டணுமாம். பூனையை அடுப்பங்கரைக்கு விடக் கூடாதாம். பூனைகிட்ட யாரு சொல்றது?" சரோஜாவைப் பார்த்துக் கண்ணடித்தாள். "அப்புறம் நியூஸ் பேப்பர்ல கட்டக் கூடாதாம் சார். மசி வயித்துக்குள்ள போய்டுமாம். இத்தனை நாளு அந்தப் பொண்ணுங்க வயித்துல எவ்ளோ நியூஸ் இருக்குதோ!"

சொன்னதையெல்லாம் செய்தாள். இலைக்கு மேல் வெள்ளைக் காகிதம் வந்தது. தலையில் துணி வந்தது. பூனைகூட எங்கள் வீட்டுக்குக் குடிபெயர்ந்தது.

பிறகு, கம்பெனியில் சில பெண்களுக்கு வயிறு சரியில்லாமல் போனது. எதனால் என்று யாருக்கும் தெரியாது. ஷூ வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஆடிட்டுக்கு வரும் நேரம். ஹெச்.ஆர். பிரிவில் பயந்துவிட்டார்கள். பஸ்ஸில் வெளிச்சாப்பாடு ஏற்ற வேண்டுமென்றால் பதிவு மட்டும் போதாது, சமைக்கிற தண்ணீருக்குப் பரிசோதனை அறிக்கையும் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அரசாங்கம் கேட்காததைக் கம்பெனி கேட்டது.

"மாதனூர்லயே நம்ம பழைய கெமிஸ்ட் சார் இருக்காரே. அவர் கையெழுத்து இருந்தா போதும்" என்று அவர்களே என் பெயரையும் சொல்லி அனுப்பினார்கள். நான் வேலை பார்த்த தோல் தொழிற்சாலையும் அந்த ஷூ கம்பெனியும் ஒரே முதலாளியுடையவை. வீட்டு முன்னறையில் நான் சின்னதாக ஒரு சோதனை மேஜை போட்டு, போர் போடுகிறவர்களுக்குத் தண்ணீர் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியும்.

நல்ல குழாய்

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு தண்ணீர் உண்டு. ஒன்று போர்த் தண்ணீர். தொழிற்சாலைகளில் தோலுக்கு ஏற்றிய உப்பும் மற்றதும் கழுவிக் கழுவி நிலத்துக்குள் போனதால் அது வாயில் வைக்க முடியாது. பாத்திரம் துலக்க, துணி துவைக்க அதுதான். இன்னொன்று, சில நாளுக்கு ஒருமுறை குழாயில் வரும் காவிரித் தண்ணீர். அதை டிரம்மில் பிடித்து, துணி கட்டி மூடி, குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொள்வார்கள். எங்கள் ஊரில் குழந்தைகூட இரண்டையும் மாற்றிக் குடிக்காது.

தொழிற்சாலையிலும் எங்களுக்கு இரண்டு குழாய் இருந்தது.

கழிவுநீர் வெளியேறும் அவுட்லெட்டில் ஒன்று. தோட்டத்துப் பக்கம், நல்ல தண்ணீர் வருகிற இன்னொன்று. அதற்கு எங்களுக்குள் 'நல்ல குழாய்' என்று பெயர். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து சோதனைக்கு ஆள் வருகிறார்கள் என்று கேட்டிலிருந்து போன் வந்ததும், மானேஜர் என்னைப் பார்ப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். நான் பாட்டிலை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போவேன். வந்தவருக்கு டீயும் பிஸ்கட்டும் போய்ச் சேருவதற்குள் பாட்டில் நிரம்பிவிடும். வாசனை வரட்டும் என்று அதில் கொஞ்சம் கழிவுநீரையும் கலப்பேன். முழுதும் சுத்தமாக இருந்தால் சந்தேகம் வருமே! அந்த அளவுக்குத் தேர்ச்சி.

"எங்க புடிச்சீங்க சார்?" என்று கேட்பார்கள்.

"அவுட்லெட்லதான்" என்பேன். முகம் மாறாது.

வேலையில் இருந்த காலம் முழுக்க அப்படிச் செய்தேன். பிள்ளையைப் படிக்க வைத்தேன், வீடு கட்டினேன், கோயிலுக்கும் போனேன். விரிஞ்சிபுரம் கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும்போதுகூட இது பாவம் என்று ஒருதரமும் எனக்குத் தோன்றியதில்லை. வேலை என்றுதான் தோன்றியது.

பாட்டில்

ரெஜினா வீட்டுக்கு நான் போன காலை நன்றாக நினைவிருக்கிறது. சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு. அடுப்பு மேடையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தாள். சாம்பிராணிகூடப் போட்டிருந்தாள், தண்ணீருக்கும் சாம்பிராணிக்கும் சம்பந்தம் இருப்பதுபோல.

"வாங்க சார். எல்லாம் ரெடியா வெச்சிருக்கேன்" என்று ஒரு பாட்டிலை நீட்டினாள். கழுவித் துடைத்த பாட்டில். கழுத்துவரை தண்ணீர். கண்ணாடிபோலத் தெளிவு.

வாங்கியதும் ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன். காவிரி.

உடனே சந்தேகம் வந்தது. நான் வருவதற்கு முன்பே நிரப்பி வைத்த பாட்டில். சமையலறையிலோ ஒரே ஒரு குழாய். அது போர்க் குழாய். எனக்கா இந்த வித்தை தெரியாது?

"இது எங்க புடிச்சது?"

"சமையல் தண்ணி சார்."

"அந்தக் குழாய்ல புடி."

"அது பாத்திரம் கழுவறதுக்கு சார். சோத்துக்கு எப்பவும் டிரம்முதான்…"

"சமையல் கட்டுல இருக்கற குழாய்லதான் எடுக்கணும். ரூல்."

அப்படி ஒரு ரூல் கிடையாது. அந்த நிமிஷத்தில் நானே உண்டாக்கியது.

பாட்டிலில் இருந்ததைத் தொட்டியில் கொட்டினேன். நல்ல தண்ணீரை அப்படிக் கொட்டுவதைப் பார்த்து, அவள் கை தன்னையறியாமல் ஒரு செம்பை எடுத்து நீட்டியது. நான் கவனிக்காததுபோல் போர்க் குழாயைத் திறந்து பாட்டிலை நிரப்பினேன்.

நீட்டிய செம்பை அவள் திரும்ப வைத்துவிட்டாள். படித்தவர், கம்பெனியே நம்புகிறவர், அவருக்குத் தெரியாதா என்று நினைத்திருப்பாள்.

அன்று சாயங்காலம் சோதித்துப் பார்த்தேன். என்ன வருமோ அதுதான் வந்தது. ஒரு புள்ளிகூடக் கூட்டாமல் குறைக்காமல் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதும்போது நெஞ்சில் ஒரு நிமிர்வு இருந்தது. என் வாழ்க்கையில் நான் எழுதிய நேர்மையான அறிக்கை என்று பெருமையாகக்கூட நினைத்தேன். தொழிற்சாலை கெடுத்த தண்ணீரை, அதே தொழிற்சாலையின் சம்பளத்தில் மறைத்தவன், ஒரு சமையல்காரியிடம் மட்டும் கண்டிப்பாக இருந்தேன்.

டீ வந்தது

மறுவாரமே பஸ்ஸில் பொட்டலம் ஏற்றக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சரோஜா கேள்விப்பட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"ஏங்க, அவ தண்ணி கெட்டதுன்னா எழுதிக் குடுத்தீங்க?"

"குழாய்ல வந்ததை எழுதினேன்."

"குழாய்த் தண்ணில யாருங்க சோறு வடிப்பாங்க? காவிரித் தண்ணி விடற அன்னிக்கி அவ வரிசைல நிக்கறதை நான் பாக்கறேன். எனக்குப் பின்னாடிதான் நிப்பா. நம்ம வீட்ல போர்த் தண்ணிலயா உங்களுக்கு ஆக்கிப் போடறேன்?"

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றேன்.

"எல்லாரும்னா யாரு?"

எல்லாரும் என்றால் நான்தான். ரெஜினாவையும் என்னைப் போல் ஒருத்தி என்று நினைத்துவிட்டேன்.

ரெஜினா வீட்டு டிரம்மிலிருந்து நானே தண்ணீர் எடுத்தேன். சோதித்தேன். எந்தக் குறையும் இல்லை. புது அறிக்கையோடு கம்பெனிக்குப் போனேன். ரெஜினாவிடம், "நான் போய்ப் பேசிட்டு வர்றேன்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஹெச்.ஆரில் இருந்தவர் என் மகன் வயதுப் பிள்ளை. மரியாதையாக எழுந்து நின்றார். அறையில் என்னோடு வேலை பார்த்த பழைய மானேஜரும் உட்கார்ந்திருந்தார்.

"முதல்ல வந்ததும் உங்க கையெழுத்துதானே சார்? இதுவும் உங்களுதுதான். எது சரி?"

"இது சரி."

"அப்போ அதுல என்ன தப்பு நடந்தது?"

நான் வாயைத் திறந்தேன். தப்பு என்னுடையது, அந்தப் பெண் சொன்னதை நான் நம்பவில்லை என்று சொல்ல வேண்டும். ஏன் நம்பவில்லை என்று அடுத்த கேள்வி வரும். பழைய மானேஜர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டிலிருந்து போன் வரும் நாட்களில் பார்த்த அதே பார்வை.

"முதல் தடவை அந்தம்மா தண்ணியை மாத்திக் குடுத்துட்டாங்க போல" என்றேன்.

அந்தப் பிள்ளை நாற்காலியில் சாய்ந்தார். "மாத்திக் குடுக்கற ஆளா? அப்போ இது மட்டும் ஒழுங்கான தண்ணின்னு எப்படி நம்பறது? ஆடிட் டைம்ல நமக்கு எதுக்கு சார் பேஜாரு, விட்ருங்க."

டீ வந்தது. குடித்தேன். வெளியே வந்து பஸ் ஏறினேன்.

"கேட்டுப் பாத்தேன்மா, அவங்க ஒத்துக்கலை" என்று ரெஜினாவிடம் சொன்னேன். அவள் அழவில்லை. "எனக்காக அந்த வெயில்ல போய் நின்னீங்களே சார், அதுவே பெருசு" என்றாள்.

அதன் பிறகு ஊரில் பேச்சு வேறு மாதிரிப் போனது. தோல் தண்ணியில் சமைத்துப் போட்டாளாம், அதனால்தான் வயிறு கெட்டதாம். பஸ் நிறுத்தத்தில் முகம் கொடுத்துப் பேசியவர்கள் ஜன்னலை மூடிக்கொண்டார்கள். வீட்டு வாசலில் விற்றுப் பார்த்தாள். வாங்க ஆள் வரவில்லை. வேலூரில் ஒரு ஹாஸ்டலில் பாத்திரம் துலக்கும் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். சமையலுக்குக் கேட்டிருக்கிறாள். ஊர்ப்பேச்சு அங்கேயும் போய்ச் சேர்ந்திருந்தது.

அந்தக் கிறிஸ்துமஸுக்கும் எங்கள் வீட்டுக்குக் கலகலா வந்தது. தட்டைக் குரோஷா துணி போட்டு மூடி அனுப்பியிருந்தாள். சரோஜா தின்னவில்லை. நான் தின்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை

இப்போது நாங்கள் வேலூரில் மகன் வீட்டில் இருக்கிறோம். இந்த அத்தியாயத்தை எழுதப்போகிறேன் என்றதும் சரோஜா சொன்னாள்: "ஊருக்கெல்லாம் சொல்றதுக்கு முன்னாடி அவகிட்ட சொல்லுங்க. அவ இதைப் புஸ்தகத்துல படிச்சா தெரிஞ்சிக்கணும்?"

போனேன். மாதனூரில் ரெஜினா தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. "யாரு, சாரா! அக்கா நல்லா இருக்காங்களா? ஒரு போன் பண்ணக் கூடாதா, எதனா செஞ்சி வெச்சிருப்பனே!" என்று எழுந்தாள்.

உட்காரச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல குழாய், பாட்டில், நான் உண்டாக்கிய ரூல், ஹெச்.ஆர். அறையில் சொன்னது. எதையும் விடவில்லை.

கீரை ஆய்வதை அவள் நிறுத்தவில்லை. இலை உருவிய காம்புகள் மட்டும் மடியில் சேர்ந்துகொண்டே போயின.

"நான் மாத்திக் குடுத்தேன்னா சொன்னீங்க?"

"ஆமாம்மா."

"அவங்க நம்பிட்டாங்க."

"ஆமாம்."

"கிறிஸ்துமஸுக்குக் கலகலா அனுப்பினேனே சார். அப்பகூட சொல்லலையே நீங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். தெருவில் யாரோ பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் அடங்கியதும் சொன்னேன்.

"பத்திரிகையில எழுதப் போறேம்மா. உன் பேரை மாத்திடறேன். ஊர்ப் பேரும் வராது. உனக்கு ஒரு கஷ்டமும் இருக்காது."

அதற்குத்தான் அவளுக்குக் கோபம் வந்தது. முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏன் மாத்தணும்? பேரை மாத்தினா யாரோ ஒரு பொம்பளைன்னு போய்டும். நீங்க மனசுல இருக்கறத எறக்கி வெச்சிட்டுப் போய்டுவீங்க. எங்கையால சாப்ட்ட பொண்ணுங்க இன்னும் இந்த ஊர்லதான் இருக்குதுங்க. என்னைப் பாத்தா இன்னிக்கும் அதுங்களுக்குத் தோல் தண்ணி நெனப்புதான் வருது. அதுங்க படிக்க வேணாமா? ரெஜினான்னே போடுங்க. மாதனூர்னு போடுங்க. இன்னா தண்ணின்னும் போடுங்க."

"போடறேம்மா."

"பெரிய எழுத்துல போடுவாங்களா?"

"அது என் கையில இல்லையே."

"சரி. தெளிவாவாவது போடுங்க." முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மன்னித்தேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகவே தெளிவாக எழுதுகிறேன். மாதனூர் ரெஜினா கம்பெனி பஸ் பெண்களுக்குச் சமைத்துப் போட்ட ஒவ்வொரு நாளும் காவிரித் தண்ணீரில்தான் சமைத்தாள். அவள் எந்தப் பாட்டிலிலும் தண்ணீரை மாற்றவில்லை. மாற்றியவன் நான்.